சேர்வராயன் மலையும் ஆய்வு ஆங்கிலமும்

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும், அம்மொழியைப் பள்ளியிலும் கல்லூரியிலும் கற்றுத் தேர்ந்த ஒருவர் எழுதும் ஆய்வுக் கட்டுரைக்கும் இடையே காணப்படும் வேறுபாடு பிறப்பால் வருவதா, பயிற்சியாலும் வசதியாலும் வருவதா என்னும் வினாவை மொழியியலாளர்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக விவாதித்து வருகின்றனர். சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலைத்தொடரும் அதன்மேல் அமைந்த ஏற்காடும் இவ்வினாவை ஆராய்வதற்குப் பொருத்தமான களமாகும். இம்மலையின் பாறைகள், தாவரங்கள், தொல்பொருள்கள், மக்கள் ஆகியவை குறித்து ஏறத்தாழ 160 ஆண்டுகளாக ஆங்கிலத்தில் ஆய்வுகள் வெளிவந்துகொண்டிருக்கின்றன. முதலில் எழுதியவர்கள் ஆங்கிலேயர், பின்னர் எழுத வந்தவர்களுள் பலர் தமிழையோ கன்னடத்தையோ மலையாளத்தையோ வீட்டு மொழியாகக் கொண்டவர்கள். இரு சாராரின் எழுத்தும் உருவான சூழலை ஒப்பிட்டு நோக்கினால், ஆய்வு ஆங்கிலம் எவருக்கும் தாய்மொழியன்று என்பதும், எழுதுவோரை உண்மையில் பிரித்து வைப்பவை நூலகம், நேரம், பணம், திருத்தித் தரும் துணை ஆகியவற்றின் இருப்பும் இன்மையுமே என்பதும் புலனாகும்.

மலை குறித்த முதல் எழுத்துகள்

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங், ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆகிய இருவரும் சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளின் நில அமைப்பை விவரித்து எழுதிய நீண்ட ஆய்வுரை, அத்துறையின் ஆய்வுத்தொகுதி வரிசையில் 1864ஆம் ஆண்டு வெளிவந்தது. 1863ஆம் ஆண்டு மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியை முதன்முதலாகக் கண்டெடுத்தவர் இதே ஃபூட்தான். 1858இல் துறையில் சேர்ந்தபோது அவருக்கு ஏறத்தாழ 24 வயது. ஆங்கிலம் அவருடைய தாய்மொழியாயினும், பாறைப் படிவின் சாய்வையும் அடுக்கையும் எந்த வரிசையில் சொல்வது, கண்டதையும் கருதியதையும் எவ்வாறு பிரித்துக் காட்டுவது, முன்னோர் கூற்றை எந்த அளவில் மறுப்பது என்பனவற்றையெல்லாம் தாமஸ் ஓல்டாம் தலைமையில் இயங்கிய அத்துறை வகுத்திருந்த எழுத்து முறைக்குள் நின்றுதான் அவர் கற்றுக்கொண்டார். கல்கத்தாவில் நூலகமும் அச்சகமும் பதிப்பிப்போரும் கொண்டிருந்த ஒரு நிறுவனம் இளைஞர்களைப் பணியில் அமர்த்தி, ஊதியம் தந்து, ஆண்டுக்கணக்கில் எழுதப் பழக்கியது. ஆங்கிலேயரின் ஆய்வு எழுத்து என்று பின்னாளில் மதிக்கப்பட்டதன் பெரும்பகுதி இந்த நிறுவனப் பயிற்சியின் விளைவே.

1900இல் தாமஸ் ஹாலந்து, தென்னிந்திய மலைகள் பலவற்றின் உடற்பகுதியாக அமைந்த கரும்பச்சைப் பாறை வகையைச் சார்னோகைட் தொடர் எனப் பெயரிட்டு விரிவாக விளக்கினார். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையால் ஆனது என்பதே அப்பெயருக்குக் காரணம். சேர்வராயன் மலையும் இப்பாறையால் ஆனதாகையால், உலகெங்கும் சார்னோகைட் பற்றி நிகழ்ந்த விவாதங்களில் இம்மலைக்கு நிலையான இடம் கிடைத்தது.

அந்த விவாதத்தை அடுத்த கட்டங்களுக்குக் கொண்டு சென்றவர்களுள் இந்தியர் பலர் உள்ளனர். நிலவியல் ஆய்வுத் துறையின் உயர் பணிப் பிரிவில் 1880இல் இடம் பெற்ற முதல் இந்தியர் பி. என். போஸ், அத்துறையின் தலைமைப் பொறுப்பை 1951இல் முதல் இந்தியராக ஏற்றவர் தமிழகத்தைச் சேர்ந்த எம். எஸ். கிருஷ்ணன். அவர் 1943இல் வெளியிட்ட இந்திய, பர்மிய நிலவியல் நூல் பல பதிப்புகள் கண்டு, பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூலாக விளங்கியது. சாதாரணப் பட்டைப்பாறை சார்னோகைட்டாக உருமாறும் நிலையைக் கர்நாடகத்தின் கப்பால்துர்காவில் கண்டு சி. எஸ். பிச்சமுத்து எழுதிய சிறு கட்டுரை 1960இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. கரியமில வாயு மிகுந்த பாய்மங்கள் நிலத்தின் ஆழத்திலிருந்து மேலேறியதால் இம்மாற்றம் நிகழ்ந்தது என்னும் விளக்கத்தை மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் ஏ. எஸ். ஜனார்த்தன் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களுடன் இணைந்து 1982இல் முன்வைத்தார். சேர்வராயன் மலைப் பாறைகளில் உள்ள ஆக்சைடு, சல்பைடு கனிமங்களை ஆராய்ந்து 1997இல் வெளியான கட்டுரையிலும் டேனியல் ஹார்லோவ், ராபர்ட் நியூட்டன், எட்வர்ட் ஹான்சன் ஆகியோருடன் ஜனார்த்தனும் ஓர் ஆசிரியர். இத்தகைய கூட்டுக் கட்டுரையில் எந்த வாக்கியம் யாருடைய கையால் அமைந்தது என்று பிரித்தறிய முயல்வது பயனற்றது. களத்தை அறிந்தவர், ஆய்வகத்தை உடையவர், இதழின் நடைமுறையை அறிந்தவர் ஆகியோரின் கூட்டுழைப்பால் உருவான பொது எழுத்து அது.

பெர்சிவலும் நாவலரும்

ஒருவர் தமக்குப் பிறப்பால் வாய்க்காத மொழியில் எழுத நேர்ந்தபோது என்ன செய்தார் என்பதற்கு ஏற்காட்டோடு தொடர்புடைய மற்றொருவரின் வாழ்க்கையும் சான்றாகிறது. ஃபூட்டின் மாமனாரான பீட்டர் பெர்சிவல், வெஸ்லியன் சபையின் சார்பில் யாழ்ப்பாணத்தில் கல்விப்பணி புரிந்து, பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்து, 1882இல் ஏற்காட்டில் மறைந்தவர். தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்புடன் தொகுத்து வெளியிட்ட அவர், விவிலியத்தைப் புதிதாகத் தமிழாக்கும் பணியை மேற்கொண்டபோது, தம்மிடம் மாணவராக இருந்து ஆசிரியராக உயர்ந்த ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டார். பின்னாளில் சைவத்தின் பெரும் காவலராக விளங்கிய நாவலர் தமக்கு உடன்பாடற்ற சமயத்தின் நூலைச் செம்மைப்படுத்த ஆண்டுகள் பல உழைத்தார். மொழிபெயர்ப்பைச் சென்னையில் அறிஞர் குழுவின் பார்வைக்கு வைத்தபோதும் பெர்சிவலுடன் சென்றார். 1850இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பு பெர்சிவலின் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

தமிழ் எழுதிய ஆங்கிலேயருக்கு ஒரு தமிழ்ப் புலவர் துணை நின்றதை அக்காலத்தில் எவரும் குறைபாடாகக் கருதவில்லை. அது முறையான புலமை உழைப்பின் பகுதியாகவே ஏற்கப்பட்டது. ஆங்கிலம் எழுதும் தமிழர் தம் கட்டுரையைத் திருத்தித் தருமாறு ஒருவரை நாடும்போது மட்டும் அது தகுதிக் குறைவாக நோக்கப்படுவது ஏன் என்னும் கேள்விக்கு, மொழிகளுக்கு இடையிலான அதிகார வேறுபாடு என்பதே விடையாகும்.

வேறுபாடு எங்கே தென்படுகிறது

இரு சாராரின் எழுத்திலும் வேறுபாடே இல்லை என்று கூறுவது உண்மைக்கு மாறாகும். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு, சுட்டல்லாக் குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் நேர் இணை இல்லாமையால், எங்கு அவை வேண்டும், எங்கு வேண்டா என்பதில் நெடுநாள் எழுதிப் பழகிய தமிழருக்கும் ஐயம் எழுகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின் ஒட்டி நிற்கும் மொழியிலிருந்து, முன்னிடைச்சொல் தனித்து நிற்கும் மொழிக்குச் செல்வோர் அச்சொற்களின் தேர்வில் இடறுகின்றனர். வினையெச்சங்களை அடுக்கி இறுதியில் ஒரு வினைமுற்றால் முடிக்கும் தமிழ்த் தொடரின் பழக்கம், ஆங்கிலத்தில் எழுவாயும் வினையும் நெடுந்தொலைவு பிரிந்து நிற்கும் வாக்கியங்களை உருவாக்கக்கூடும். எனினும் இவை கவனத்துடன் படிக்கும் ஒருவரால் சில மணி நேரத்தில் சரிசெய்யத்தக்கவை. ஆய்வின் பொருளை இவை அரிதாகவே சிதைக்கின்றன.

இவற்றைக் காட்டிலும் கடினமானது, உறுதியின் அளவைச் சொல்லும் முறை. சேர்வராயன் பாறைகளின் இன்றைய நிலைக்குப் பாய்மங்களின் ஓட்டம் காரணமா, பாறை பகுதியளவில் உருகியது காரணமா என்பது போன்ற விவாதத்தில், ஒரு முடிவை நிறுவப்பட்டதாகச் சொல்வதா, சான்றுகள் அவ்வாறு காட்டுவதாகச் சொல்வதா, அவ்வாறு இருந்திருக்கக்கூடும் என்று மட்டும் சொல்வதா என்பதைத் தேர்ந்தெடுப்பதில் ஆய்வாளரின் நேர்மையே அடங்கியிருக்கிறது. இந்த நுண்ணிய படிநிலைகளை ஆங்கிலத்தில் உணர்ந்து கையாளப் பல கட்டுரைகளைப் படித்த பழக்கம் வேண்டும். அப்பழக்கம் இலண்டனில் பிறந்த முதலாண்டு மாணவருக்கும் இராது. கல்விக்கூடத்தின் மொழி எவருக்கும், படித்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கும்கூட, தாய்மொழியன்று என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர்களான பியர் போர்தியுவும் ஜான் குளோத் பாஸ்ரோனும் 1960களிலேயே சுட்டிக்காட்டினர்.

கட்டுரையின் அமைப்பைப் பற்றிய விவாதம் 1966இல் ராபர்ட் கப்லான் எழுதிய கட்டுரையிலிருந்து வலுப்பெற்றது. ஆங்கிலேயரின் சிந்தனை நேர்க்கோட்டில் செல்வதாகவும் கீழை நாட்டாரின் சிந்தனை சுழன்று செல்வதாகவும் அவர் படம் வரைந்து காட்டினார். பின்னாளில் அக்கருத்தை அவரே தளர்த்திக்கொண்டார். 1990இல் ஜான் ஸ்வேல்ஸ் முன்வைத்த விளக்கம் இதைவிடப் பயனுள்ளது. ஆங்கில ஆய்வுக் கட்டுரையின் முன்னுரை, துறையின் களத்தை நிறுவுதல், அதில் இதுவரை ஆராயப்படாத வெற்றிடத்தைக் காட்டுதல், தம் ஆய்வால் அவ்விடத்தை நிரப்புதல் என மூன்று படிகளில் நகர்வதாக அவர் கண்டறிந்தார். இது மனித மனத்தின் இயற்கையன்று. ஆய்விதழ்களின் போட்டி உருவாக்கிய மரபு.

தமிழுக்கும் நூல் முகப்பு பற்றிய தெளிந்த மரபு உண்டு. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினையும் சிறப்புப் பாயிரம் தெரிவிக்க வேண்டும் என்று நன்னூல் வகுக்கிறது. எந்நூலின் வழிவந்தது, யாருக்காக எழுதப்பட்டது, என்ன பயன் தருவது என்பவற்றை முதலிலேயே கூறுமாறு பணிக்கும் இம்மரபைச் சுற்றி வளைப்பது என்று எவரும் சொல்ல இயலாது. முன்னோர் கருத்தை மறுப்பதும் தமிழுக்குப் புதிதன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர் இளம்பூரணரின் கருத்துகளைப் பல இடங்களில் காரணம் காட்டி மறுக்கிறார். வேறுபாடு ஓரிடத்தில்தான் உள்ளது: முன்னோர் விட்ட வெற்றிடத்தை நூலின் பிறப்புக்கே காரணமாக முன்னிறுத்துவதைக் காட்டிலும், தம் நூல் யாரிடமிருந்து வழிவந்தது என்பதை முன்னிறுத்துவதற்குப் பாயிர மரபு இடம் தருகிறது.

ஒரே அறிஞர் வெவ்வேறு வாசகருக்காக எழுதும்போது இம்மரபுகளிடையே எவ்வாறு நகர்கிறார் என்பதை யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா 2006இல் ஆராய்ந்தார். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி யாழ்ப்பாணச் சமூகம் குறித்துத் தமிழில் உள்ளூர் வாசகருக்கும், ஆங்கிலத்தில் உள்ளூர் வாசகருக்கும், ஆங்கிலத்தில் வெளிநாட்டு ஆய்விதழுக்கும் எழுதிய மூன்று கட்டுரைகளை அவர் எடுத்துக்கொண்டார். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் கீழ் முனைவர் பட்ட ஆய்வு செய்த சிவத்தம்பி, ஒவ்வொரு கட்டுரையின் தொடக்கத்தையும் தொனியையும் அதன் வாசகருக்கேற்ப மாற்றி அமைத்திருந்தார். ஆகவே எழுத்து வேறுபடுவதற்குத் தாய்மொழி ஒன்றே காரணமாகாது. எழுத்தாளர் யாரை நோக்கி, எந்தச் சூழலில், எந்த நோக்கத்துடன் எழுதுகிறார் என்பதும் காரணமாகிறது.

எவருக்கும் உரிமையற்ற மொழி

ஏற்காட்டில் 1963இல் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறை தேசிய ஆர்க்கிட் பூங்காவை நிறுவியது. இத்தகைய பூங்காவுக்கு அடிப்படையான தாவர வகைப்பாட்டியலின் வரலாறு, தாய்மொழியாளர் ஒருவரும் இல்லாத மொழியில் ஆய்வு எழுதுவது எவ்வாறு இயலும் என்பதற்குச் சான்று தருகிறது. புதிய தாவர இனமொன்றை அறிவிக்கும்போது அதன் விளக்கத்தை இலத்தீனில் தர வேண்டும் என்னும் விதி 1935 முதல் 2011 வரை நடைமுறையில் இருந்தது. 2012 சனவரி முதல் இலத்தீன் அல்லது ஆங்கிலம் போதும் என்று மாற்றப்பட்டது. ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம் ஆங்கிலேயரும் செருமானியரும் சீனரும் தமிழரும் இலத்தீன் முன் சமநிலையில் நின்றனர். வில்லியம் ஸ்டேர்ன் 1966இல் வெளியிட்ட தாவரவியல் இலத்தீன் கையேடு உலகெங்கும் பயன்பட்டது. இலையின் வடிவம், மயிர்களின் அமைப்பு, இதழின் நிறம் ஆகியவற்றுக்குரிய சொற்களையும் அவற்றை அடுக்கும் முறையையும் கற்றவர் எவரும் ஏற்கத்தக்க விளக்கத்தை எழுத முடிந்தது. பிழை நேர்ந்தால் மொழியறிந்த மற்றொருவர் திருத்தினார். அதனால் அத்தாவரத்தைக் கண்டறிந்தவரின் அறிவு ஐயத்துக்கு உள்ளாகவில்லை.

அக்காலத்தில்தான் திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ரேபினாட் தாவர ஆய்வகத்தைச் சேர்ந்த கே. எம். மேத்யூ, சேர்வராயன் உள்ளிட்ட மலைகளிலும் சமவெளியிலும் நிகழ்ந்த நெடுங்கால அலைச்சலின் பயனாகத் தமிழ்நாட்டின் கர்நாட்டிக் பகுதியின் தாவரத் தொகுதிகளை 1981 முதல் வெளியிட்டார். மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் தமிழ் மண்ணின் தாவரங்களை ஆங்கிலத்தில் விளக்கிய இத்தொகுதிகள் இன்றும் கள ஆய்வாளர்களின் கையில் உள்ளன. ஆங்கிலம் இன்று இலத்தீனின் இடத்தைப் பிடித்துள்ளது. ஆனால் ஒரு சாராருக்கு அது வீட்டு மொழியாகவும் இருப்பதால், ஆய்வாளர் சமூகம் அதைப் பொதுக் கருவியாகக் கருத மறந்து, அவர்களின் நடையையே அளவுகோலாகக் கொள்கிறது.

இழப்பின் அளவு

இந்த அளவுகோலால் விளையும் இழப்பை அளந்து காட்டிய ஆய்வு ஒன்றைத் தட்சுயா அமானோவும் குழுவினரும் 2023இல் வெளியிட்டனர். எட்டு நாடுகளைச் சேர்ந்த 908 சுற்றுச்சூழல் ஆய்வாளர்களிடம் கேட்டறிந்ததில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோரின் கட்டுரைகள் மொழிக் காரணத்தால் நிராகரிக்கப்படுவது ஏறத்தாழ 2.5 மடங்கும், மொழியைச் சீர்படுத்துமாறு திருப்பி அனுப்பப்படுவது ஏறத்தாழ 12.5 மடங்கும் மிகுதி எனத் தெரியவந்தது. ஆங்கிலக் கட்டுரையைப் படிக்க இளம் ஆய்வாளர்கள் சிலர் 91 விழுக்காடு வரை கூடுதல் நேரம் செலவிடுகின்றனர்.

இதற்கு மாறாக, கென் ஹைலண்ட் 2016இல் எழுதிய கட்டுரையில், ஆய்விதழில் இடம் பெறுவது தாய்மொழியாளருக்கும் கடினமே என்றும், மொழியால் நேரும் அநீதியைப் பெரிதாக்கிப் பேசுவது பிறமொழியாளரின் ஊக்கத்தைக் குலைக்கும் என்றும் வாதிட்டார். ஸ்டீபன் பொலிட்சர்-ஆல்ஸும் பிறரும் அதை மறுத்ததோடு, ஒரே ஆய்வுச் செய்தியை இருவகை ஆங்கில நடையில் மதிப்பீட்டாளர்களுக்குக் கொடுத்து 2020இல் ஒரு சோதனையும் நடத்தினர்; நடை செம்மையுறாத வடிவத்தின் ஆய்வுத் தரமே குறைவாக மதிக்கப்படுவதற்கான தொடக்கநிலைச் சான்று அதில் கிடைத்தது. இரு தரப்பையும் எடை போட்டால், ஹைலண்ட் வலியுறுத்தும் பயிற்சியின் தேவை உண்மை; அப்பயிற்சியைப் பெறும் வாய்ப்பு சமமாக இல்லை என்பதும் அதே அளவு உண்மை.

அவ்வாய்ப்பின்மை எத்தகையது என்பதைக் கனகராஜாவின் எழுத்துகளே மிகத் தெளிவாகக் காட்டுகின்றன. 1984 முதல் 1994 வரை போர்ச்சூழலில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அவர், மின்சாரமும் தட்டச்சுத் தாளும் ஒழுங்கான அஞ்சலும் அண்மைய இதழ்களும் இல்லாத நிலையில், பல படிகளையும் புதிய மேற்கோள்களையும் குறித்த காலத் திருத்தங்களையும் எதிர்பார்க்கும் மேலை இதழ்களுக்கு எழுதுவது எப்படிப்பட்டது என்பதை 1996இல் ஒரு கட்டுரையிலும் 2002இல் ஒரு நூலிலும் ஆராய்ந்தார். மொழியறிவில் குறையாத ஆய்வாளர்களையும் தாளும் அஞ்சலும் வெளியே நிறுத்தின.

துணை கிடைத்த இடத்தில் தடை நீங்கியதும் உண்டு. சீனிவாச இராமானுஜன் 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழுக்குத் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை அனுப்பியபோது, அதன் விளக்கமுறை தெளிவற்று மிகச் சுருங்கியிருந்ததால், பதிப்பாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் அதைத் திருத்தி எழுதுமாறு திரும்பத் திரும்ப அனுப்பினார், தள்ளிவிடவில்லை. கணித மெய்ப்பை முன்வைக்கும் மரபில் அவருக்குப் பயிற்சி இல்லாமையே அங்கே இடராக இருந்தது. பொறுமையுள்ள பதிப்பாசிரியர் ஒருவரின் உழைப்பு அந்த இடரை நீக்கியது.

புதிய கருவிகள் புதிய அநீதிகளையும் கொண்டுவந்துள்ளன. செயற்கை நுண்ணறிவு எழுதியதா, மனிதர் எழுதியதா என்று கண்டறிவதாகக் கூறும் ஏழு மென்பொருள்களை ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் சோதித்தனர். பிறமொழியாளர் டோஃபல் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை அவை இயந்திர எழுத்து என்று தவறாகக் கூறின. எளிய சொற்களையும் பழகிய தொடர்களையும் கையாளுவது இயந்திரத்தின் அடையாளமாகக் கொள்ளப்படுவதே இதற்குக் காரணம். நேர்மையாக உழைத்து எழுதிய மாணவர் மீது மோசடிப் பழி விழ இடம்தரும் இக்கருவிகளைப் பல்கலைக்கழகங்கள் தண்டனைக்கு ஆதாரமாகக் கொள்வது தகாது.

மலைக்குள் உள்ள ஏற்றத்தாழ்வு

பிறமொழியாளர் என்பது ஒரே தன்மையுடைய கூட்டமன்று என்பதையும் ஏற்காடு உணர்த்துகிறது. 1894இல் தொடங்கிய திரு இருதயக் கன்னியர் மடப் பள்ளியும் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் பள்ளியும் தலைமுறைகளாக ஆங்கிலவழிக் கல்வி தந்துவரும் அதே மலையில், மலையாளிப் பழங்குடியினரின் சிற்றூர்களும் காப்பித் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் உள்ளன. விடுதிப் பள்ளியில் ஆங்கிலம் பேசி வளர்ந்தவருக்கும், தமிழ்வழியில் பயின்று மலையடிவாரத்தில் 1997இல் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகத்தில் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஆய்வில் சேர்பவருக்கும் இடையிலான தொலைவு, முன்னவருக்கும் ஆங்கிலேயருக்கும் இடையிலான தொலைவைவிடப் பெரிது. இருவரையும் ஒரே பெயரால் குறித்தால், யாருக்கு உதவி தேவை என்பதே மறைந்துவிடும்.

சேர்வராயன் மலை மக்களின் மூலிகை அறிவைப் பதிவு செய்யும் கட்டுரைகளில் இந்த முதல் தலைமுறை ஆய்வாளரின் வலிமை வெளிப்படுகிறது. எந்த இலையை எந்த நோய்க்கு எவ்வாறு அரைத்துக் கொடுப்பது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறியத் தமிழும் மலைவழக்கும் வேண்டும். அந்த இடத்தில் ஆங்கிலத் தாய்மொழியாளருக்கே மொழித்துணை தேவைப்படுகிறது. ஆனால் கேட்டறிந்த செய்தி ஆங்கிலக் கட்டுரையாகும்போது, மருந்தின் பக்குவமும் பருவமும் அளவும் பெரும்பாலும் ஓர் அட்டவணையின் சிறு கட்டத்துக்குள் ஒடுங்குகின்றன. தாவரத்தின் தமிழ்ப்பெயர் உரோமன் எழுத்தில் ஒலி திரிந்து நிற்கிறது. சொன்னவர்களின் கைக்கு அக்கட்டுரை திரும்பி வருவதும் அரிது.

இந்நிலையை மாற்றச் செய்ய வேண்டியவை எட்டாதவை அல்ல. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆய்வு எழுத்துக்கென நிலையான பயிற்சி மையம் ஒன்றை அமைத்து, துறையறிவும் மொழியறிவும் உடைய திருத்துநர்களை ஊதியத்துடன் அமர்த்த வேண்டும். பெர்சிவலுக்கு நாவலர் கிடைத்ததுபோல் ஒவ்வோர் ஆய்வு மாணவருக்கும் அத்தகைய துணை உரிமையாகக் கிடைக்க வேண்டும். ஆய்விதழ்கள் கட்டுரையின் பொருளையும் மொழியையும் தனித்தனியே மதிப்பிட்டு, பொருள் தகுதியுடையதாயின் மொழியைச் சீர்படுத்தும் செலவைத் தாமே ஏற்க வேண்டும். தமிழ்நாட்டின் நிலம், தாவரம், மக்கள் குறித்த ஒவ்வோர் ஆங்கில ஆய்வேட்டுடனும் விரிவான தமிழ்ச் சுருக்கம் ஒன்று கட்டாயமாக இணைக்கப்பட வேண்டும். அது சடங்காக அமையாமல், பொருளறிந்த ஒருவர் படித்துக் கேள்வி கேட்கும் தரத்தில் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதுவதைத் தமிழ் ஆய்வாளர்கள் கைவிட வேண்டியதில்லை. உலக ஆய்வாளர்களோடு உரையாடுவதற்கான பொது வழி இன்று அதுவே, அவ்வழியில் இந்தியர் பதித்த தடங்கள் சார்னோகைட் ஆய்வின் வரலாற்றிலேயே உறுதியாக உள்ளன. கைவிட வேண்டியது, அம்மொழியில் பிறந்தவரே அதில் சிந்திக்கத் தகுதியுடையவர் என்னும் எண்ணம். ஓர் ஆய்வு மதிக்கப்பட வேண்டியது அதன் சான்றுகளின் வலிமையாலும், முடிவுகளின் நேர்மையாலும், யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களுக்கும் அது விளங்கக் கிடைக்கிறதா என்பதாலும் ஆகும். இந்த அளவுகோலை ஏற்கும் அறிவுச் சமூகத்தில் மொழித்திருத்தம் எல்லா எழுத்துக்கும் பொதுவான உழைப்பாகும். அவ்வுழைப்புக்கான செலவை முதல் தலைமுறை மாணவர் தனியே சுமக்குமாறு விடாமல் நிறுவனங்கள் ஏற்பதே நீதி.